வேற்று மண்ணில் ஒரு வீடு

மலையகத்தில் பணிசெய்த மிஷனரிக் குடும்பங்களின் அன்றாட வாழ்விலிருந்து ஒரு பாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதி: எரேமியா 29:1–14, 32:6–15

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது நம்ம இடம் இல்லையே, இங்க எதுக்கு ஒரு செடிய நடணும்?" என்பதே அது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபின் இக்கேள்வி கேட்கப்பட்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கி, வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் மண் மூடியபின் மறுபடியும் கேட்கப்படுகிறது. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், காடுவெட்டிக் கமம் செய்து, பின்னர் யுத்தத்தால் அங்கிருந்தும் பெயர்ந்தவர்களும் இதையே கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது. ஆகவே இந்த இதழில், இதே மலைகளில் வேற்று மண்ணுக்கு வந்து குடும்பம் நடத்திய சிலருடைய வாழ்க்கையைப் பார்ப்போம். அவர்கள் மிஷனரிகள். அவர்களுடைய பிரசங்கங்களைப் பற்றி அல்ல, அவர்கள் வீட்டு அடுப்பு, தண்ணீர், தோட்டம், பிள்ளைகள், குறிப்புப் புத்தகம் ஆகியவற்றைப் பற்றியே பேசப்போகிறோம்.

1. இரண்டு விதமான வீடுகள்

இங்கிலாந்தின் சர்ச் மிஷன் சங்கம் அனுப்பிய முதல் மிஷனரிகள் 1818இல் இலங்கைக்கு வந்துசேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சாமுவேல் லாம்ப்ரிக் அந்த ஆண்டிலேயே கண்டிக்கு வந்தார். 1835இல் வந்த வில்லியம் ஓக்லி 51 ஆண்டுகள் இந்நாட்டில் பணிசெய்தார். ஒரு முறையேனும் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகாமல் 1886இல் நுவரெலியாவில் காலமானார்.

ஆனால் தோட்டத் தொழிலாளர் மத்தியில் திருப்பணி ஒழுங்காகத் தொடங்கியது 1854இல்தான். அப்போது இங்கே தேயிலை இல்லை, எங்கும் கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். தோட்டத் துரைமார் சிலரும் சர்ச் மிஷன் சங்கமும் சேர்ந்து தொடங்கிய அந்தப் பணிக்கு 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயர். அந்தப் பெயரே அந்தக் காலம் நம் முன்னோரை எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் நன்கறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். அவரோடு பணிசெய்யத் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து தமிழ் உபதேசிமார் வந்தார்கள்.

எனவே 'மிஷனரிக் குடும்பம்' என்றதும் வெள்ளைக்காரரை மட்டும் நினைக்கக்கூடாது. கடல் தாண்டி வந்த திருநெல்வேலி உபதேசியாருக்கும் இது அந்நிய நாடுதான். பனையும் வெயிலும் பழகியவருக்கு மலைக்குளிரும் அட்டைக்கடியும் புதியவை. மிஷனரியின் பங்களாவில் சமையற்காரரும் தோட்டக்காரரும் இருந்தார்கள், குதிரையும் இருக்கும். உபதேசியாரோ தோட்டம் தோட்டமாகக் கால்நடையாகப் போனவர்.

2. ஒரு நாளின் ஒழுங்கு

தோட்டத்தில் பொழுது விடியுமுன் தப்பு அடிக்கும். ஆட்கள் பிரட்டுக்களத்தில் கூடுவார்கள். வேலைக்குப் பிரியுமுன் அங்கே சில வார்த்தை பேசக் கிடைத்தால் உபதேசியார் பேசுவார். பகலில் மலையில் வேலை நடக்கும்போது யாரும் நின்று கேட்க மாட்டார்கள். ஆகவே பகல் நேரம் அடுத்த தோட்டத்துக்கு நடப்பதற்கும் நோயாளிகளைப் பார்ப்பதற்கும் போகும். மாலையில் அடுப்புப் புகை எழும்பும் நேரத்தில் லயத்து வாசலுக்குப் போவார். இரவில் விளக்கு வைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் ஊழியத்தில் ஒரு பங்கு.

மற்றவர்களுடைய நேரத்துக்குத் தக்கபடி தன் நேரத்தை அமைத்துக்கொண்டவர் அவர் என்பதை இங்கே கவனியுங்கள். இடம்பெயர்ந்த வாழ்வில் முதலில் குலைவது நேரம். எப்போது நிவாரணம் வரும், எப்போது அதிகாரி வருவார் என்று காத்திருந்தே நாள் போய்விடுகிறது. முகாமிலும் விடியற்காலையில் எழுந்து, வாசல் கூட்டி, பிள்ளைகளை ஒரு நேரத்தில் படிக்க உட்காரவைக்கும் குடும்பம் சீக்கிரம் தேறுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

3. தண்ணீர்

தமிழகக் கரையிலிருந்து மன்னார் வழியாகவும் தம்புள்ளைக் காட்டுப் பாதையாகவும் மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டார்கள். மிஷனரிக் குடும்பங்களையும் அந்த நோய் விடவில்லை. அது எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெளிவில்லை. கெட்ட காற்றினால் வருகிறது என்றே பெரும்பாலோர் நம்பினர். தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய அதே 1854இல்தான், லண்டனில் ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர், ஒரு தெருக் குழாய்க்கிணற்றைப் பயன்படுத்தியவர்களிடையே நோய் பரவுவதைக் காட்டி, அது தண்ணீரால் வருகிறது என்று வாதாடினார்.

இன்று நமக்கு அது தெரியும். தெரிந்தும் முகாமில் பீலித் தண்ணீரை அப்படியே குடிக்கிறோம். மண்சரிவுக்குப் பின் மலசலகூடக் குழிகள் உடைந்து ஊற்றோடு கலந்திருக்கலாம். பார்வைக்குத் தெளிவாக இருப்பதால் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. கொதித்துக் குமிழி எழும்பியபின் ஒரு நிமிடமாவது விடுங்கள். மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். கைவிட்டு மொள்ளாமல், கைப்பிடியுள்ள அகப்பையால் எடுங்கள்.

4. புதிய மண்ணைப் படிப்பது

இங்கே மிஷனரியல்லாத ஒரு குடும்பத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலைநாட்டு மண்ணை வேற்றாள் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தன் சகோதரனோடும் குடும்பத்தாரோடும் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தார். கையில் பணம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கருவிகளையும் நல்ல சாதி மாட்டையும் ஆட்டையும் கொண்டுவந்தார். அப்படியிருந்தும் முதலில் நட்ட உருளைக்கிழங்கைப் புழு தின்றது. விதைத்த தானியத்தை மரையும் காட்டுப்பன்றியும் தின்றன. மாடுகள் நோயில் செத்தன. காடு செழித்திருப்பதைப் பார்த்து மண்ணும் வளமானது என்று எண்ணியது பிழை. எரு இடாமல் இங்கே ஒன்றும் விளையாது என்பதை அவர் நட்டப்பட்டே கற்றுக்கொண்டார்.

பணமுள்ளவர் ஒரு போகத்தை இழந்தால் மறுபடியும் விதைக்கலாம். நம்மால் முடியாது. அதனால்தான் புது இடத்தில் முதலில் சிறிதாக நட வேண்டும் என்கிறோம். ஒரு பாத்தி கீரை, ஒரு பாத்தி போஞ்சி, ஓரத்தில் இரண்டு வாழை போதும். அந்த இடத்தில் முன்பே பயிர் செய்கிறவரிடம் எப்போது மழை திரும்பும், என்ன பூச்சி வரும் என்று கேளுங்கள். சரிவான நிலமானால் மேலிருந்து கீழாகக் கொத்தாமல், சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி பிடியுங்கள். நிலத்தில் புது வெடிப்புக் கண்டாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, மரமும் கம்பமும் சாய்ந்தாலோ பயிரை மறந்துவிட்டு ஆட்களை அப்புறப்படுத்துங்கள்.

5. பிள்ளைகளைப் பிரிந்த வீடு

மிஷனரித் தாய்மாரின் பெரிய துயரம் நோயோ குளிரோ அல்ல, பிள்ளைகளைப் பிரிவதுதான். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது அக்கால வழக்கம். இப்படி அனுப்பப்பட்டவர்களுக்கென்றே 1838இல் மிஷனரிமாரின் மகள்மாருக்கும், 1842இல் மகன்மாருக்கும் லண்டன் பக்கத்தில் தனிப் பள்ளிக்கூடங்கள் ஏற்பட்டன. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்படுமுன் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. ஏழு வயதில் கப்பலேறிய பிள்ளையைத் தாய் அடுத்த முறை காணும்போது முகமே மாறியிருக்கும். சிலர் காணாமலே போனார்கள்.

இந்தத் துயரம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. நம்மில் இப்போது பிரிந்து போகிறவர் தாய். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் அம்மாயியிடமும் அப்பாயியிடமும் வளர்கிறார்கள். பிரிவு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. கடன் இருக்கும் வீட்டில் அது எளிய கேள்வியல்ல. ஆனால் அந்த மிஷனரித் தாய்மார் விடாமல் செய்த ஒன்று உண்டு. வீட்டில் நடந்ததையெல்லாம், பசு ஈன்றதைக்கூட, பிள்ளைக்கு எழுதினார்கள். தொலைபேசியில் "பணம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். இன்று என்ன சமைத்தோம், எந்தச் செடி பூத்தது என்று பேசுங்கள். தூரத்தில் இருப்பவருக்கும் வீடு ஒன்று உண்டு என்ற நினைப்பு அதனால்தான் நிற்கும்.

6. அயலாரின் மொழி

மலைக்கு உபதேசிமாரை அனுப்பிய அதே திருநெல்வேலித் திருச்சபை, 1903இல் பாளையங்கோட்டையில் தனக்கென்று ஓர் இந்திய மிஷனரிச் சங்கத்தை அமைத்தது. அதன் பின்னால் இருந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. முந்திய ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைக் கண்டு உந்தப்பட்டவர் அவர். 1909இல் தன் மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் ஹைதராபாத் நிசாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். தொடக்கத்தில் கூடாரத்தில்தான் வாசம். ஜனங்கள் பேசியது தெலுங்கு. தமிழரான இவர்கள் அதைக் கற்று அந்த மொழியிலேயே பணிசெய்தார்கள். 1912இல் அவர் பேராயரானார். கிராமங்களுக்கு அனுப்பும் ஊழியரைப் பயிற்றும்போது அவர்கள் மனைவிமாருக்கும் சேர்த்தே படிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். கணவனும் மனைவியுமாக ஒரு வீடு ஒழுங்காக நடப்பதே கிராமத்துக்கு முதற்பாடம் என்பது அவர்கள் எண்ணம்.

நாம் குடியேறும் இடத்தில் அயல்வீட்டார் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும் கடிதம் எழுதவும் நமக்கு உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் கிணற்றடியிலும் சந்தையிலும் நாலு வார்த்தை அவர்கள் மொழியில் பேசினால், கஷ்டகாலத்தில் முதலில் ஓடிவருகிறவர் அந்த அயலார்தான். உங்கள் பிள்ளை கற்று வந்து உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.

7. எழுதி வைத்த வீடு

இனி இந்தப் பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகிறோம்.

சர்ச் மிஷன் சங்கத்து மிஷனரிகள் நாட்குறிப்பு எழுதி லண்டனுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. மழை, காய்ச்சல், செலவு, ஞானஸ்நானம், சாவு எல்லாம் அதில் உண்டு. அந்தக் கடிதங்களும் குறிப்புகளும் இன்றும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆகவே நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கண்டியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததை இன்று நாம் வாசிக்கலாம். மாத்தளைப் பாதையில் இறந்த நம் பிள்ளையின் பெயரைச் சொல்ல ஒரு தாளும் இல்லை.

இது மனவருத்தத்துக்குரிய விஷயம் மட்டுமல்ல. தாள் இல்லாததால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டத்தின்படி விண்ணப்பிக்க, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரிக்கு முன் விடாமல் இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்திலேயே முதுமையடைந்தவரிடம் அதற்கு என்ன அத்தாட்சி இருக்கும்? விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதியிருந்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இன்றும் பிறப்புப் பதிவு இல்லாத ஒருவர் காலங்கடந்து பதியப் போனால், ஞானஸ்நானச் சான்றிதழோ, சாதகக் குறிப்போ, பாடசாலைச் சான்றிதழோ இருந்தால் உதவும். ஓர் உபதேசியார் கோயில் பதிவேட்டில் எழுதிய ஒரு வரி, பேரப்பிள்ளையின் அடையாள அட்டைக்கு வழிகாட்டக்கூடும்.

ஆகவே இந்தக் கிழமையே ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் எழுத வேண்டியவை:

வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம், பிறப்புச் சான்றிதழ் இலக்கம்.

விட்டுவந்த வீடும் காணியும்: தோட்டம், டிவிசன், லய இலக்கம், காணியின் அளவு, நான்கு எல்லைகள், நின்ற மரங்கள், பயிர், ஆடு மாடு. உறுதியோ பேர்மிட்டோ இருந்தால் அதன் இலக்கம். தோட்டம் பேச்சளவில் தந்த மரக்கறிப் பாத்தியானாலும் எத்தனை வருடம் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

யார் வந்து பதிந்தார்கள், எந்தத் திகதி, என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள்.

வாங்கிய கடனும் திருப்பிக் கொடுத்ததும்.

சான்றிதழ்களின் பிரதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஓடும்போது ஒரே கையில் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்கும் தன் குடும்பத்தின் கதை தெரியவரும்.

8. நாம் பின்பற்றக் கூடாதது

மிஷனரிக் குடும்பங்களைப் புகழ்ந்து மட்டும் இந்தப் பாடத்தை முடித்தால் அது உண்மையாகாது. அவர்கள் தாங்களே தெரிந்துகொண்டு வந்தவர்கள். மாதச் சம்பளம் இருந்தது. விரும்பினால் ஏறிப்போகக் கப்பலும் இருந்தது. நீங்கள் தெரிந்துகொண்டு வரவில்லை. ஆகவே "அவர்கள் பொறுத்தார்களே, நீங்களும் பொறுங்கள்" என்று யாராவது உங்களுக்குப் போதித்தால் அது நியாயமல்ல.

இன்னொன்றும் உண்டு. துரைமாரின் சந்தாப் பணத்தில் நடந்த மிஷன், அந்தத் துரைமார் கொடுத்த சம்பளத்தைப் பற்றியும் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவைப் பற்றியும் உரத்துப் பேசுவது எளிதல்ல. உபகாரம் செய்கிறவர் யாருடைய காசில் செய்கிறார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும். எங்களைப் போன்ற அபிவிருத்தி ஊழியரிடமும் அதைக் கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டோம்.

9. மண்பாத்திரத்தில் வைத்த உறுதி

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டி, தோட்டம் போட்டு, இருக்கிற ஊரின் நன்மையைத் தேடும்படி அவர் சொன்னார். நாளைக்கே திரும்பிவிடலாம் என்று ஆசைகாட்டியவர்களை நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தார். இதை மட்டும் வாசித்தால், பழைய காணியை மறந்துவிடச் சொல்கிறார் என்று தோன்றும். அதனால்தான் 32ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொன்னோம். எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் சொந்த ஊரான ஆனதோத்தில் உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் முன் உறுதி எழுதி, முத்திரையிட்டு, அது நெடுநாள் கெடாதிருக்க மண்பாத்திரத்தில் வைக்கச் செய்கிறார்.

ஒரே தீர்க்கதரிசி இரண்டையும் செய்தார். இருக்கும் இடத்தில் செடி நடச் சொன்னார். பறிபோகும் காணிக்கும் உறுதி எழுதி வைத்தார். "இங்க எதுக்கு ஒரு செடிய நடணும்?" என்ற கேள்விக்கு எங்களால் சொல்லக்கூடிய பதில் இதுதான். நடுங்கள், பிள்ளை இன்று சாப்பிட வேண்டும். நடுவதனால் பழைய காணியின் மேலுள்ள உரிமையை விட்டுவிட்டதாக ஆகாது. அந்த உரிமை உங்கள் கொப்பியில் எழுதப்பட்டிருக்கட்டும்.

குழுவாகக் கலந்துபேச

1. நம் குடும்பத்தில் இடப்பெயர்வுக்குப் பின் குலைந்துபோன அன்றாட ஒழுங்கு எது? அதில் ஒன்றை நாளைக்கே திருத்த முடியுமா?

2. நாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த இடத்தை நம்மில் யார் நேரில் பார்த்திருக்கிறோம்?

3. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் நம் குழுவில் எத்தனை பேர்? அவர்களோடு பிரதேச செயலகத்துக்குப் போக யார் முன்வருவீர்கள்?

4. நாம் விட்டுவந்த காணியின் நான்கு எல்லைகளையும் நம் பிள்ளைகளால் சொல்ல முடியுமா?